ஊசி யாருக்காகத் தைக்கிறது?

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், பத்து கிலோமீட்டருக்குள் இடது பக்கம் ஆரோவில்லுக்குத் திரும்பும் சாலை வரும். அந்தச் சாலையில்தான் குயிலாப்பாளையம் இருக்கிறது. விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். செம்மண் பூமி, முந்திரித் தோப்பு, சாலையோரத்தில் துணிக்கடைகள். அந்தக் கடைகளில் தொங்கும் கவுன்களும் பருத்திச் சட்டைகளும் பெரும்பாலும் வெளியூர்க்காரர்களுக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கும்.

இது மாதிரித் துணிகளைத் தைக்கும் கைகளில் பல, சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களின் கைகள். ஆனால் அவர்கள் வீட்டுப் பிள்ளை தீபாவளிக்குப் போடுவதோ கடையில் வாங்கிய ரெடிமேட்!

தைக்கத் தெரிந்த அம்மா, கடையில் வாங்கிய சட்டை போட்ட பிள்ளை. இது எப்படி வந்தது? தனக்கும் தன் குழந்தைக்கும் வேண்டிய துணியைத் தானே தைத்துக்கொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் எப்போது வந்தது, எங்கே போனது? கொஞ்சம் பின்னோக்கிப் போனால் சுவாரசியமான ஒரு வரலாறு கிடைக்கிறது.

தைக்காத துணியின் நாடு

தமிழில் 'தையல்' என்ற சொல்லுக்குப் பெண் என்றும் ஒரு பொருள் உண்டு. அதனால் தைப்பது ஆதிகாலத்திலிருந்தே பெண்களின் வேலை என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அகராதியில் அதே சொல்லுக்கு அழகு, அலங்காரம் என்ற பொருள்களும் இருக்கின்றன. பெண்ணைத் தையல் என்று சொன்னதற்காக எல்லாப் பெண்களும் கையில் ஊசி வைத்திருந்தார்கள் என்று அர்த்தம் இல்லை.

சிலப்பதிகாரம் புகார் நகரத்துத் தொழிலாளர்களைப் பட்டியல் போடும்போது 'துன்னகாரர்' என்று ஒரு கூட்டத்தைச் சொல்கிறது. துணி தைப்பவர்கள். கொல்லர், தச்சர் போல அதுவும் ஒரு தொழில். முல்லைப்பாட்டில் அரசனின் பாசறையைக் காவல் காக்கும் யவனர்கள் போட்டிருக்கும் சட்டைக்கு 'மெய்ப்பை' என்று பெயர். மெய் என்றால் உடம்பு, பை என்றால் பை. உடம்பைப் போட்டு வைக்கும் பை! தைத்த சட்டை வெளிநாட்டுக்காரனின் அடையாளமாகத் தெரிந்த காலம் அது.

காரணம் எளிது. சேலைக்கும் வேட்டிக்கும் துண்டுக்கும் ஊசி தேவையே இல்லை. தறியிலிருந்து இறங்கியதும் அப்படியே கட்டிக்கொள்ளலாம். ஒரே சேலை ஒல்லியானவருக்கும் குண்டானவருக்கும், கர்ப்பிணிக்கும் பிள்ளை பெற்றவருக்கும் பொருந்தும். வெயில் நாட்டுக்கு இதைவிட வசதியான உடை ஏது?

குழந்தைக்கும் அப்படித்தான். பிறந்த குழந்தைக்கு உடனே புதுத்துணி போடாமல், வீட்டிலுள்ள பழைய வேட்டியையோ சேலையையோ கிழித்துச் சுற்றுவதுதான் வழக்கம். பல முறை துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி குழந்தையின் தோலை உறுத்தாது. அம்மாவின் சேலையே தூளியாகும். குழந்தையின் முதல் உடை வீட்டிலிருந்தே வந்தது. ஆனால் அதில் ஒரு தையல்கூட இருக்காது.

ஒரு குப்பாயத்துக்காக நடந்த போராட்டம்

பெண்கள் தங்கள் உடைக்காக ஊசி பிடித்த கதையில் மறக்கக் கூடாத ஊர் நாகர்கோவில். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. அங்கே நாடார் உள்ளிட்ட பல சாதிப் பெண்கள் உயர்சாதியார் முன்னால் மார்பை மறைக்கக் கூடாது என்ற கட்டுப்பாடு இருந்தது. துணி இல்லாமல் இல்லை, போட உரிமை இல்லை.

1819ல் லண்டன் மிஷன் சங்கத்தைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் அவர் மனைவி மார்த்தா மால்ட்டும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். மார்த்தா அங்கிருந்த பெண் பிள்ளைகளுக்குப் படிப்போடு சேர்த்துத் தையலும் லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். மிஷனரிகளின் மனைவிமார் வடிவமைத்த தளர்வான ஒரு மேல்சட்டையைக் கிறிஸ்தவப் பெண்கள் அணியத் தொடங்கினார்கள். அதற்குப் பெயர் குப்பாயம். குப்பாயம் போட்ட பெண்கள் சந்தையிலும் தெருவிலும் தாக்கப்பட்டார்கள், துணி கிழிக்கப்பட்டது. 1822லிருந்து கலவரங்கள் தொடர்ந்தன. 1829ல் திருவிதாங்கூர் அரசு தோள்சீலைக்குத் தடை என்று மறுபடியும் அறிவித்தது. 1858 கடைசியில் மீண்டும் பெரிய கலவரம் வெடித்தது. சென்னை கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன் நெருக்கடி கொடுத்த பிறகுதான், 1859 ஜூலை 26ல் நாடார் பெண்கள் மேலுடை அணியலாம் என்று அரசு ஆணை பிறப்பித்தது. அதிலும்கூட, உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்று ஒரு நிபந்தனை!

தோள்சீலைப் போராட்டம் என்று பாடத்தில் நாம் படிப்பது இதைத்தான். ஆனால் பாடம் அதிகம் சொல்லாத ஒரு பக்கம் உண்டு. மார்த்தா மால்ட்டிடம் லேஸ் கற்ற பெண்களில் அடிமைக் குடும்பத்தவரும் இருந்தார்கள். லேஸ் விற்ற காசை வைத்துத் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கியவர்கள் உண்டு. திருவிதாங்கூரில் அடிமை முறை 1855ல் ஒழிக்கப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஊசியும் நூலும் சிலரை விடுவித்திருந்தன.

மார்த்தாவின் மகள் எலிசா, 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' எழுதிய கால்டுவெல்லை 1844ல் மணந்து, அந்த லேஸ் பின்னலைத் திருநெல்வேலிச் சீமையிலுள்ள இடையன்குடிக்குக் கொண்டுபோனார். கணவர் இலக்கணம் எழுதிய ஊரில் மனைவி பெண்களுக்கு ஊசி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்திலேயே ஊசிக்கு இரண்டு வேலைகள் இருந்தன. ஒன்று, தன் உடம்புக்குத் தானே தைத்துக்கொள்வது. குப்பாயம் அந்த வகை. இன்னொன்று, யாரோ ஒருவருக்காகத் தைத்துக் கூலி வாங்குவது. லேஸ் அந்த வகை. இரண்டுமே விடுதலைக்கு உதவின. பின்னால் நடந்த கதையெல்லாம் இந்த இரண்டுக்கும் இடையே நடந்த இழுபறிதான்.

மெஷின் வந்த கதை

தையல் மெஷின் முதலில் வீட்டுக்காகப் பிறக்கவில்லை, சிப்பாய்க்காகப் பிறந்தது. பிரான்சில் பார்த்தலெமி திமோனியே என்ற தையல்காரர் 1830ல் ஒரு மெஷினுக்குக் காப்புரிமை பெற்று, பாரிசில் சுமார் 80 மெஷின்களை வைத்து ராணுவத்துக்குச் சீருடை தைக்க ஆரம்பித்தார். பிழைப்பு போய்விடும் என்று பயந்த தையல்காரர்கள் 1831ல் புகுந்து மெஷின்களை அடித்து நொறுக்கினார்கள். அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846ல் காப்புரிமை பெற்றார். 1851ல் ஐசக் சிங்கர் வந்தார். சிங்கர் கம்பெனியின் உண்மையான சாமர்த்தியம் மெஷினில் மட்டும் இல்லை. 1856ல் தவணை முறையில் விற்க ஆரம்பித்தார்கள். கையில் மொத்தப் பணம் இல்லாத குடும்பமும் மெஷின் வாங்க முடிந்தது. 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் சிங்கர் இந்தியாவுக்கும் வந்துவிட்டது.

இயந்திரங்களைக் கடுமையாக எதிர்த்த காந்தி, சிங்கர் மெஷினுக்கு மட்டும் விலக்கு கொடுத்தார் என்பது பலருக்குத் தெரியாத செய்தி. 1924ல் டெல்லியில் ஜி.ராமச்சந்திரன் என்ற இளைஞர், எல்லா இயந்திரமும் வேண்டாமா என்று அவரிடம் கேட்டார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து அன்பினால் சிங்கர் அதை உருவாக்கினார், அதனால் அது விலக்கு என்ற பொருளில் காந்தி பதில் சொன்னார். உண்மையில் சிங்கர் வேறு மாதிரி ஆள். பல குடும்பங்கள், 24 பிள்ளைகள், குறி முழுக்க லாபத்தில். ஆனால் காந்தி சொல்ல வந்த விஷயம் வேறு. மனிதனின் கையைப் பிடுங்கிக்கொள்ளும் இயந்திரம் ஒன்று, கையோடு சேர்ந்து உழைக்கும் இயந்திரம் இன்னொன்று. தையல் மெஷின் இரண்டாவது ரகம். அந்தக் கேள்வி கேட்ட ராமச்சந்திரன்தான் பிற்காலத்தில் மனைவி டாக்டர் சௌந்தரத்துடன் சேர்ந்து திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை நிறுவினார்.

1930களில் கல்கத்தாவில் 'உஷா' தையல் மெஷின் தயாராக ஆரம்பித்தது. இந்தியப் பெயருடன் வந்த அந்தக் கறுப்பு மெஷின் காலப்போக்கில் நடுத்தரக் குடும்பங்களுக்குள் நுழைந்தது. பல ஊர்களில் அது கல்யாணச் சீராகவும் போனது.

வீட்டுத் தையலின் நல்ல காலம்

மெஷின் வீட்டுக்குள் வந்த பிறகுதான், தனக்கும் பிள்ளைக்கும் தானே தைப்பது தமிழ்நாட்டில் பரவலாக நடந்தது. அம்மாவின் பட்டுச்சேலை நைந்துபோனால் மகளுக்குப் பாவாடை சட்டை ஆகும். ஜரிகைக் கரை நன்றாக இருந்தால் பாவாடையின் அடியில் வரும். பாவாடை நீளத்தில் இரண்டு மூன்று 'டக்' பிடித்துத் தைப்பார்கள். பெண் வளர வளர ஒவ்வொரு டக்காகப் பிரித்து விட்டால், ஒரே பாவாடை சில வருடங்கள் ஓடும். பிரித்த இடத்தில் துணி மட்டும் புதுக்கருக்கு மாறாமல் இருக்கும், கோடு போட்ட மாதிரி தெரியும். பிள்ளை எவ்வளவு வளர்ந்தது என்பதைப் பாவாடையைப் பார்த்தே சொல்லிவிடலாம்!

குழந்தைக்கு ஜபலா. முதுகுப் பக்கம் முடிச்சுப் போடும் சின்னச் சட்டை. பட்டன் கிடையாது, குழந்தையைக் குத்தாது. கால் மீட்டர் மல் துணி போதும். தையல் பழகுபவர்கள் முதலில் தைத்துப் பார்ப்பதும் இது மாதிரிக் குழந்தை உடுப்புகளைத்தான். தப்பு வந்தாலும் துணி நஷ்டம் குறைவு, குழந்தையும் குறை சொல்லாது.

அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை போலத் தையலுக்கும் ஆசிரியைகள் இருந்தார்கள். தையலில் லோயர், ஹையர் என்று அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகள் உண்டு. ஹெம்மிங், காஜா, ஒட்டுப்போடுதல் என்று சின்னச் சின்னத் துணிகளில் தைத்து நோட்டில் ஒட்ட வேண்டும். பெண்கள் பத்திரிகைகளில் அளவு படத்தோடு தையல் பக்கங்கள் வந்தன. செய்தித்தாளில் வரைந்து வெட்டி, அதைத் துணி மேல் வைத்துக் கத்தரித்தார்கள்.

சரி, ஸ்வெட்டர் பின்னுவது? நம் ஊர் வெயிலுக்குக் கம்பளி நூல் அவ்வளவாக ஒத்துவரவில்லை. குழந்தைக்குத் தொப்பி, சாக்ஸ் என்று பின்னியதோடு சரி. குளிர் நாடுகளில் கதையே வேறு. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் 1941 ஜூன் 1 முதல் துணிக்கு ரேஷன் வந்தது. கூப்பன் இல்லாமல் துணி கிடைக்காது. இருப்பதைச் சரிசெய்து உடுத்துங்கள் என்று அரசே பிரசாரம் செய்தது. பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலைக் கழுவி, பிள்ளைக்குப் புதிதாகப் பின்னினார்கள். அங்கே போர் கற்றுக்கொடுத்த சிக்கனத்தை இங்கே பாவாடை டக் எந்தப் பிரசாரமும் இல்லாமல் செய்துகொண்டிருந்தது.

தமிழ்நாட்டிலேயே குளிர் பிரதேசமான நீலகிரியில், தனக்காகத் தைப்பதில் எல்லோருக்கும் மூத்தவர்கள் இருக்கிறார்கள். தோடர் பழங்குடிப் பெண்கள்! பூத்துக்குளி என்னும் கெட்டியான வெள்ளைப் போர்வையில் சிவப்பு, கறுப்பு நூலால் எம்பிராய்டரி போடுவார்கள். துணியில் படம் வரைவது கிடையாது. இழைகளை விரலால் எண்ணி எண்ணியே ஊசி ஏற்றுவார்கள். ஆண், பெண் இருவருமே போர்த்திக்கொள்ளும் உடை அது, இறந்தவரைப் போர்த்துவதும் பூத்துக்குளியால்தான். 2013ல் தோடர் எம்பிராய்டரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சொந்த உடம்புக்காகப் பிறந்த வேலை, பிறகு பையாகவும் ஷாலாகவும் ஊட்டிக் கடைகளுக்கு வந்தது.

தூர தேசத்து உடம்புகள்

இனி குயிலாப்பாளையம் பக்கம் வரலாம். இந்தக் கடலோரத்துக் கைகள் தூர தேசத்துக்குத் துணி செய்வது புதிதல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியிலிருந்து அவுரி நீலத்தில் தோய்த்த 'கினி' துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. செனகல் ஆற்றங்கரையில் பிசின் வியாபாரத்தில் அந்தத் துணியே காசு மாதிரிப் புழங்கியது. 1827ல் புதுச்சேரிக்கு வந்த குளூனி கன்னியாஸ்திரீகளின் மடத்தில் ஏழைப் பெண்கள் எம்பிராய்டரி போட்டு வாழ வழி கிடைத்தது. பஞ்சாலைகள் வந்தன. 1936 ஜூலை 30ல் வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் உயிரிழந்தார்கள். 1898ல் தொடங்கிய ஏ.எஃப்.டி. ஆலை 2020ல் மூடப்பட்டது.

இதற்கிடையில், 1968 பிப்ரவரி 28ல் ஆரோவில் உருவானது. 124 நாடுகளின் மண்ணைக் கொண்டுவந்து ஒரு தாழியில் போட்டார்கள். பொட்டல் காடாகக் கிடந்த செம்மண் மேடு மெல்ல மெல்லப் பச்சையானது. கைவினைக் கூடங்கள் வந்தன. அதுவரை முந்திரிக்கொட்டை பொறுக்கவும் களை எடுக்கவும் போன சுற்றுக் கிராமத்துப் பெண்களில் பலர் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தார்கள். மாதச் சம்பளம் வீட்டுக்கு வந்தது. மழை பொய்த்தாலும் வருகிற காசு அது. இதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது.

தமிழக அரசும் ஊசியைப் பிழைப்புக்கான கருவியாகத்தான் பார்த்தது. கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு இலவசத் தையல் மெஷின் கொடுக்கும் திட்டத்துக்கு, அமைச்சராக இருந்த சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயர் வைக்கப்பட்டது. சத்துணவு சாப்பிடும் மாணவர்களுக்கு 1985ல் இலவசச் சீருடை வந்தது. அதைத் தைப்பது மகளிர் தையல் தொழில் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள். இதில் ஓர் அழகு இருக்கிறது. கூலிக்குத் தைத்த சட்டை சுற்றிச் சுற்றி வந்து, தைத்தவரின் சொந்தப் பிள்ளைக்கே போய்ச் சேரக்கூடும்!

ஆனால் மற்ற இடங்களில் அப்படி நடப்பதில்லை. கூலித் தையலில் முழுச் சட்டையையும் ஒருவரே தைப்பது அபூர்வம். ஒருவர் காலர், ஒருவர் கை, ஒருவர் காஜா. பீஸ் கணக்கில் கூலி. வேகம் வரும், வெட்டத் தெரியாது. பத்து வருடம் மெஷினில் உட்கார்ந்த பெண்ணுக்குக்கூடத் தன் மகளுக்கு ஒரு கவுன் அளவெடுத்து வெட்டத் தெரியாமல் போகலாம். தெரிந்தாலும் நேரம் இருக்காது. கடையில் ரெடிமேட் கவுன் மலிவாகக் கிடைக்கிறது. துணி எடுத்து, நூல் வாங்கி, நாள் செலவழித்துத் தைத்தால் அதைவிட அதிகம் ஆகும்.

அந்த மலிவுக்கும் ஒரு விலை உண்டு. 2013 ஏப்ரல் 24ல் வங்கதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் தையல் தொழிலாளர்கள், அவர்களில் பெண்களே அதிகம். அவர்கள் தைத்துக்கொண்டிருந்ததும் எங்கேயோ இருக்கும் யாரோ ஒருவருக்கான துணிதான்.

அதற்காக ரெடிமேடே கெட்டது என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் எல்லாருக்கும் தைத்தே ஆக வேண்டும் என்ற பாரம் எத்தனையோ பெண்களின் இரவுத் தூக்கத்தைத் தின்றிருக்கிறது. அந்தப் பாரம் இறங்கியது நல்லதே. பாரம் இறங்கும்போது கைவசம் இருந்த வித்தையும் சேர்ந்து இறங்கிவிட்டதுதான் வருத்தம்.

மிச்சத் துணியில் மிஞ்சியது

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, ஆரோவில்லில் உள்ள உபாசனா என்ற ஆடை வடிவமைப்புக் கூடம் பாதிக்கப்பட்ட மீனவப் பெண்களுக்கு மிச்சத் துணியில் குட்டிப் பொம்மை செய்யக் கற்றுக்கொடுத்தது. பெயர் சுனாமிகா. விரல் நீளப் பொம்மை. அதற்கு விலை இல்லை, அன்பளிப்பாக மட்டுமே கொடுத்தார்கள், நன்கொடையில் நடந்தது. கடலைப் பார்க்கவே பயந்த பெண்களின் கைக்கு ஒரு வேலை கிடைத்தது. 2010ல் ஆரோவில்லில் இன்னொரு முயற்சி தொடங்கியது. துவைத்துத் திரும்பப் பயன்படுத்தும் துணி நாப்கின்களைக் கிராமத்துப் பெண்கள் தைத்தார்கள். வெளிநாட்டுக்கும் போகிறது, இங்குள்ள பெண் பிள்ளைகளுக்கும் போகிறது. பழைய சேலையைக் கிழித்து வைத்துக்கொண்ட வழக்கத்துக்கே ஊசி கொடுத்த புது உருவம் அது. தைப்பவருக்கும், அவர் மகளுக்கும் பயன்படும் துணி.

கடைசியாக ஒன்று. சுடிதார் ரெடிமேட், நைட்டி ரெடிமேட், பிள்ளையின் சட்டை ரெடிமேட். ஆனால் சேலைக்கு ரவிக்கை மட்டும் இன்னும் பெரும்பாலும் அளவு கொடுத்துத்தான் தைக்கப்படுகிறது. அளவு ஜாக்கெட்டை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு, தெருமுனையில் மெஷின் வைத்திருக்கும் அக்காவிடம் போகிறார்கள். கழுத்து இவ்வளவு இறக்கம், கை இவ்வளவு நீளம், கொக்கி முன்னாடி, உள்ளே கொஞ்சம் துணி விடுங்க அக்கா, பின்னால் பிரித்துக்கொள்ளலாம்... ஒரு குறிப்பிட்ட உடம்புக்காக, அந்த உடம்புக்கு உரியவர் சொன்னபடி தைக்கப்படும் கடைசித் துணி அதுதான்.

200 வருடங்களுக்கு முன்னால் நாகர்கோவில் பக்கத்தில் பெண்கள் அடி வாங்கி, துணி கிழிக்கப்பட்டு, விடாமல் போட்டுக்கொண்டதும் மேலுடையைத்தான். இன்று குயிலாப்பாளையம் பக்கத்தில் கூலிக்குத் தைத்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் ஒரு பெண், ஞாயிற்றுக்கிழமை தன் ரவிக்கையைத் தானே வெட்டித் தைத்துக்கொண்டால், அதில் மிஞ்சும் துண்டில் மகளுக்கு ஒரு சின்னச் சட்டை வந்தால், மிச்சமாவது தையல் கூலி மட்டுமல்ல. வாரம் முழுக்க ஊருக்கெல்லாம் ஓடிய ஊசி, அன்று ஒரு நாள் அவருக்காக ஓடியிருக்கும்.